மூட்டு கெட்ட இளம் பந்தயக் குதிரைக்கு ஓய்வு கொடுப்பது எப்படி?

இரண்டு வயதில் பந்தயத்துக்கு வந்து மூன்று வயதில் கால் வீங்கி நிற்கும் குதிரை எந்த ஊர் லாயத்திலும் அதிசயமில்லை. கிண்டி, பெங்களூரு, ஹைதராபாத், புனே என்று எங்கே போனாலும் ஒன்றிரண்டைப் பார்க்கலாம். அதற்கு முறையாக ஓய்வு கொடுக்கத் தெரிந்த உரிமையாளர்தான் அபூர்வம். நண்பர்களோடு பங்கு போட்டு முதல் குதிரை வாங்குகிறவருக்கு வாங்கும் வழியைச் சொல்லித்தர ஆயிரம் பேர் வருவார்கள். விடும் வழியைச் சொல்ல ஆள் இருக்காது. இந்தக் கட்டுரை அவருக்காக எழுதப்பட்டது. அப்படிப்பட்ட குதிரையைப் பின்னால் எடுத்து வளர்க்க நினைப்பவருக்கும் பாதிக்கு மேல் பயன்படும்.

பந்தயத்துக்கென்றே வளர்க்கும் தரோபிரெட் இனக் குதிரை நல்ல பராமரிப்பில் 25 வயது தாண்டும். மூன்று வயதில் பந்தயம் முடிகிறது என்றால் இன்னும் இருபது வருஷத்துக்கு மேல் பாக்கி இருக்கிறது. அத்தனை வருஷமும் அது நிற்க வேண்டியதும் நடக்க வேண்டியதும் இதே கெட்ட மூட்டில்தான். ஆகவே மூட்டில் ஏதாவது மிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். கீழே உள்ளதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து வருவதுதான்.

பெரிய குதிரைகளுக்கும் இது நடக்கிறது. 2018-ல் அமெரிக்காவின் டிரிபிள் கிரவுன் பந்தயங்கள் மூன்றையும் வென்ற ஜஸ்டிஃபை, ஆறு முறை ஓடி ஆறு முறையும் ஜெயித்த குதிரை. கடைசி வெற்றிக்கு அடுத்த மாதமே, இடது முன்னங்கால் ஃபெட்லாக் மூட்டில் (குளம்புக்குச் சற்று மேலே, கணுக்கால் போல இருப்பது) நீர் கோத்திருக்கிறது என்று ஓய்வை அறிவித்துவிட்டார்கள். அப்போது அதற்கு மூன்று வயது. ஜஸ்டிஃபைக்காக இனவிருத்திப் பண்ணையில் கோடிகள் காத்திருந்தன. ஐந்தாம் வகுப்புப் பந்தயத்தில் கடைசியாக வரும் உங்கள் குதிரைக்கு அப்படி எதுவும் காத்திருக்காது. ஏற்பாடு முழுக்க நீங்கள்தான் செய்ய வேண்டும்.

1. என்ன கெட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

"கால் சரியில்லை சார், கொஞ்ச நாள் விடலாம்" என்று லாயத்திலிருந்து போன் வரும். அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த முடிவும் எடுக்காதீர்கள். எந்தக் கால், எந்த மூட்டு, மூட்டுக்குள் எது என்று மூன்றும் தெரிய வேண்டும்.

கால்நடை மருத்துவர் சோதிக்கும்போது முடிந்தால் பக்கத்தில் இருங்கள். கெட்டியான, சமமான தரையில், கயிற்றைத் தளர்வாகப் பிடித்து, குதிரையை டிராட்டில், அதாவது மிதமான துள்ளோட்டத்தில், ஓட்டிக் காட்டச் சொல்வார். கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே காதுக்குத் தெரிந்துவிடும். சீராக விழ வேண்டிய குளம்புச் சத்தத்தில் ஒன்று மட்டும் மெதுவாக விழும். முன்னங்காலில் வலி என்றால், வலிக்கிற கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும், நல்ல கால் படும்போது கீழே இறங்கும். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு நல்ல காலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பின்னங்கால் என்றால் பின்னால் நின்று, இடுப்பெலும்பின் இரண்டு முனைகளும் சமமாக ஏறி இறங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம் மூட்டை மடக்கி ஒரு நிமிஷம் போலப் பிடித்திருந்து, விட்ட கையோடு ஓடவிடுவார். முதல் சில அடிகளில் நொண்டல் கூடினால் அந்த மூட்டின் மேல் சந்தேகம் விழும். உறுதிப்படுத்த, மரத்துப்போகும் ஊசியைக் குளம்புப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு இடமாக மேலே போட்டுக்கொண்டு வருவார். எந்த இடத்தில் போட்டதும் நொண்டல் நிற்கிறதோ அங்கேதான் கோளாறு. எக்ஸ்ரே அதற்குப் பிறகுதான். எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும், குருத்தெலும்பு தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்பதால் மூட்டும் சுத்தம் என்று அர்த்தமில்லை.

இளங்குதிரைகளில் அதிகம் பார்ப்பது இவை. முன்னங்கால் முட்டியிலும் ஃபெட்லாக்கிலும் எலும்பு விளிம்பு சில்லாக உடைவது. சில்லு சின்னது என்றால், சிறு துளை வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி அறுவையில் எடுத்துவிடலாம். அப்படி எடுத்த பிறகு மறுபடி ஓடிய குதிரைகள் நிறைய. முட்டியில் ஒரு எலும்பே பலகையாகப் பிளந்துவிட்டால் கதை வேறு. அடுத்தது ஓசிடி என்ற வளர்ச்சிக் கோளாறு. வளரும் வயதில் குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறாமல், ஒரு துண்டு மூட்டுக்குள் தொங்கிக்கொண்டோ மிதந்துகொண்டோ இருக்கும். பின்னங்காலின் நடுவில் மடங்கும் ஹாக், அதற்கு மேலே நம் முழங்காலுக்கு நிகரான ஸ்டைஃபிள், ஃபெட்லாக் ஆகிய மூன்றும் இதற்குப் பேர்போன இடங்கள். ஸ்டைஃபிளில் குருத்தெலும்புக்கு அடியில் எலும்பில் குழி விழுவதும் உண்டு, அது பிடிவாதமான நோய். இவை எதுவுமில்லாமல் மூட்டின் உறை அழன்று நீர் கோத்து நிற்பதுதான் ஆரம்பக் கட்டம். அந்தக் கட்டத்தில் ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் சரியாகும். கொடுக்காமல் ஓட்டினால் குருத்தெலும்பு தேயும். தேய்ந்த குருத்தெலும்பு பழையபடி வளராது.

முன்னங்கால் முட்டிக்குக் கீழே உள்ள குழாய் எலும்பு முன்பக்கமாக வலித்து வீங்குவது இளங்குதிரைகளுக்கு அடிக்கடி வரும். அது மூட்டு நோய் அல்ல. வேலையைக் குறைத்தால் போகும். அதற்காகப் பதறிப்போய்க் குதிரையை விற்றுவிடாதீர்கள்.

"இரண்டு வயதில் ஓட்டுவதே பாவம், அதனால்தான் இதெல்லாம்" என்று சொல்கிறவர்கள் உண்டு. முன்னங்கால் முட்டிக்கு மேலே உள்ள வளர்ச்சித் தட்டு இரண்டு, இரண்டரை வயது வாக்கில்தான் மூடுகிறது. முதுகெலும்பு இறுக ஐந்து வயதுக்கு மேல் ஆகும். அதனால் அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. சின்ன வயதில் அளவாகக் கொடுக்கும் ஓட்டம் எலும்பைக் கெட்டிப்படுத்துகிறது என்பதும் உண்மைதான். கெடுப்பது, ஆறுவதற்கு இடைவெளி விடாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப விழும் அடி. முழுவேகப் பாய்ச்சலில் ஒரு முன்னங்கால் உடல் எடையைப் போல இரண்டரை மடங்கைத் தாங்குகிறது. 450 கிலோ குதிரைக்கு அது ஒரு டன்னுக்கு மேல்.

மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி மூன்று. மறுபடி பந்தயம் ஓடுமா? பந்தயம் இல்லையென்றால், மேலே ஆள் ஏறிச் சவாரி போகுமா? அதுவும் இல்லையென்றால், மருந்தில்லாமல் மேய்ச்சலில் வலியின்றி நடமாடுமா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வாங்குங்கள், எழுத்தில் வாங்கினால் இன்னும் நல்லது. பெரும்பாலானோர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். லாயத்தோடு சம்பந்தமில்லாத இன்னொரு மருத்துவரிடம் அதே படங்களைக் காட்டுங்கள். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, பெரிய விலங்குகளுக்குத் தனிப் பிரிவே உண்டு.

2. எப்போது நிறுத்துவது

சிக்கலான இடம் இதுதான். டிரெய்னர், மருத்துவர், பங்குதாரர்கள் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எல்லோருடைய யோசனையும் "இன்னும் ஒரு ஓட்டம்" என்றுதான் முடியும்.

மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டால் வீக்கம் மளமளவென்று வடியும். குதிரை இரண்டு வாரத்தில் புதுசுபோல ஓடும். ஊசியே கூடாது என்று நான் சொல்லவில்லை. அழற்சியை அடக்க ஒருமுறை போட்டு, கூடவே ஓய்வும் கொடுத்தால் அது சிகிச்சை. ஓய்வைத் தவிர்ப்பதற்காகப் போட்டால் அது கடன். வலி என்பது குதிரைக்கு இருக்கும் ஒரே பிரேக். அதை எடுத்துவிட்டு ஓட்டினால் சில்லு உடைந்த இடத்தில் எலும்பே உடையலாம். மெத்தில்பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டுகள் திரும்பத் திரும்ப உள்ளே போனால் குருத்தெலும்பையே கெடுக்கும். பியூட் என்று லாயத்தில் சொல்லும் ஃபினைல்பியூட்டசோன் வலிநிவாரணிப் பொடியை நாள்கணக்காகக் கொடுத்தால் வயிற்றில் புண் வரும், சிறுநீரகமும் பாதிக்கப்படும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. ஒரே மூட்டுக்கு ஒரே சீசனில் இரண்டாவது ஊசி தேவைப்படுகிறதா? ஓய்வுக்குப் பிறகு வேலை தொடங்கியதும் அதே இடத்தில் மறுபடி நீர் கோக்கிறதா? அறுவை செய்த மூட்டு மூன்று நான்கு மாத ஓய்வுக்குப் பிறகும் சூடாக இருக்கிறதா? இதில் ஒன்றுக்கு ஆம் என்றால் பந்தயம் முடிந்தது. கீழ் வகுப்பில் தடுமாறிக்கொண்டிருந்த குதிரை என்றால் முதல் கேள்விக்குக்கூடக் காத்திருக்க வேண்டாம். நல்ல காலிலேயே ஜெயிக்காதது கெட்ட காலில் ஜெயிக்கப் போவதில்லை.

ஆர்த்ரோஸ்கோப்பி செலவு பந்தயத்துக்குத் திரும்புகிற குதிரைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். மிதக்கும் துண்டை எடுத்துவிட்டால் மூட்டு தேய்வது குறையும், சவாரிக் குதிரையாகப் போக வாய்ப்பு கூடும். எல்லா ஊரிலும் அந்த வசதி இல்லை. அதனால் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

3. காகிதங்கள்

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம், ஆனால் விட்டுவிடக் கூடாது. இந்தியத் தரோபிரெட்களின் பதிவேடு புனேயில் உள்ள ஸ்டட் புக் அத்தாரிட்டி ஆஃப் இந்தியாவிடம் இருக்கிறது. குதிரையின் பாஸ்போர்ட்டில் உள்ள அடையாளக் குறிகளும் மைக்ரோசிப் எண்ணும் உங்கள் குதிரையோடு ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே சரிபாருங்கள். பந்தயத்திலிருந்து விலக்கிவிட்டதாக ரேஸ் கிளப்புக்கு எழுதிக் கொடுங்கள். பங்கு போட்டு வாங்கிய குதிரை என்றால், யாருக்கு, என்ன நிபந்தனையில் போகிறது என்று எல்லாப் பங்குதாரரும் கையெழுத்துப் போட வேண்டும். பின்னால் ஒருவர் "என்னைக் கேட்கவில்லையே" என்று வருவதைத் தடுக்க இது ஒன்றே வழி.

லாயத்தை விட்டுக் கிளம்புவதற்கு முன் டெட்டனஸ், ஃப்ளூ, வெறிநாய்க்கடித் தடுப்பூசிகள் போடப்பட்டிருக்க வேண்டும். குதிரைக்கு டெட்டனஸ் மிகச் சுலபமாகப் பிடிக்கும், லேசான ஆணிக்கீறலே போதும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் நோய், அரசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டிய பட்டியலில் இருப்பது. மாநிலம் தாண்டிப் போவதானால் அந்தப் பரிசோதனை முடிவும் மருத்துவர் தரும் உடல்தகுதிச் சான்றும் கையில் இருக்கட்டும். எல்லா மருத்துவக் குறிப்புகளையும் எக்ஸ்ரே படங்களையும் ஒரு பென் டிரைவில் போட்டு வையுங்கள். குதிரை எங்கே போனாலும் அதுவும் கூடவே போக வேண்டும்.

ஆண் குதிரை காயடிக்கப்படவில்லை என்றால் வேறு வீட்டுக்குப் போவதற்கு முன் காயடித்து, புண் ஆறிய பிறகு அனுப்புங்கள். பந்தய லாயத்தில் பழகியவர்களுக்கு முழு ஆண் குதிரையைச் சமாளிக்கத் தெரியும். வெளியே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது, முதல் சிக்கலிலேயே கைமாற்றிவிடுவார்கள்.

4. முதல் மூன்று மாதம்

பந்தயக் குதிரை ஒரு நாளில் 22, 23 மணி நேரம் லாயத்துக்குள் நிற்கிறது. விடியற்காலையில் ஓட்டம், நாளுக்கு மூன்று நான்கு முறை அடர்தீவனம், சுற்றிலும் ஆள், பக்கத்தில் குதிரை. இதையெல்லாம் ஒரே நாளில் பிடுங்கிவிட்டுத் திறந்தவெளியில் அவிழ்த்துவிட்டால், அது நிம்மதியாக மேயும் என்று நினைப்பது சினிமாக் கற்பனை. பயந்துபோய் வேலியோரம் பாய்ச்சலில் ஓடி, நீங்கள் காப்பாற்ற நினைத்த மூட்டையே உடைத்துக்கொள்ளும்.

தீவனத்தில் ஆரம்பியுங்கள். ஓட்ஸ், பார்லி, கொள்ளு எல்லாவற்றையும் பத்து நாளில் படிப்படியாகக் குறையுங்கள், புல்லைப் படிப்படியாகக் கூட்டுங்கள். சட்டென்று மாற்றினால் வயிற்றுவலி வரும். குதிரையின் வயிற்றுவலி உயிரையே கொண்டுபோகும். காய்ந்த நிலையில் கணக்கிட்டால் நாளுக்கு உடல் எடையில் 1.5 முதல் 2 சதவீதம் வரை புல் வேண்டும், அதாவது 450 கிலோ குதிரைக்கு ஏழிலிருந்து ஒன்பது கிலோ. தண்ணீர் நம்மூர் வெயிலில் 40, 50 லிட்டர் குடிக்கும். கல்லுப்பு எப்போதும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும்.

நம் ஊர்ப் பண்ணைக்காரர்கள் நல்லெண்ணத்தோடு தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு. மாட்டுக்குப் போடுவதையே குதிரைக்கும் போடுவார்கள்: கோ-4 நேப்பியர் புல், மேலே ஒரு வாளி தவிடு. நேப்பியரில் ஆக்சலேட் இருக்கிறது, அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். மாட்டின் முதல் வயிறு அதைச் சமாளித்துவிடும், குதிரைக்கு அந்த வயிறு கிடையாது. தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. இரண்டும் சேர்ந்தால் குதிரை தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். மாதக்கணக்கில் போனால் முகத்து எலும்பு உப்பும், இடம் மாறி மாறி நொண்டும். ஏற்கெனவே மூட்டு கெட்ட குதிரைக்கு இது வந்தால் எது எதனால் என்று பிரிக்கவே முடியாது. அறுகம்புல் நல்லது, பச்சையாகவும் போடலாம், உலர்த்தியும் போடலாம். கூடவே அளவாகக் குதிரைமசால், அதில் கால்சியம் தாராளம். பெயரிலேயே குதிரை இருக்கிறது என்று வயிறு முட்டப் போட வேண்டாம், கொழுக்கும். நெல் வைக்கோல் படுக்கைக்குப் போதும்.

எடையில் கவனம் தேவை. விலாவெலும்பு கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலால் தடவினால் தட்டுப்பட வேண்டும். மூட்டு வலிக்கிற குதிரையைக் கொழுக்க விடுவது அதற்குச் செய்யும் உபகாரம் அல்ல.

லாடத்தைப் பாருங்கள். பந்தயத்துக்கு அடிக்கும் அலுமினிய லாடம் மெல்லியது, அதைக் கழற்றிவிடுங்கள். மென்மையான மண் தரையில் நிற்கும் குதிரைக்குப் பல சமயம் லாடமே தேவைப்படாது. முதல் சில வாரம் பாதம் கூசும், கல் இல்லாத இடமாகக் கொடுங்கள். பந்தயக் குதிரைகளின் குளம்பு பெரும்பாலும் முன்பக்கம் நீண்டு குதிப்பக்கம் தாழ்ந்திருக்கும். அந்தக் கோணம் ஃபெட்லாக்குக்கும் தசைநாணுக்கும் சுமை. நல்ல லாடக்காரர் நாலைந்து வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிச் சரிசெய்வார். ஒரே நாளில் சரிசெய்கிறேன் என்பவரை அனுப்பிவிடுங்கள்.

வெளியே விடும் முறை இது. அறுவை நடந்திருந்தால் மருத்துவர் சொன்ன நாள்வரை லாயத்திலேயே ஓய்வு, பிறகு கையில் பிடித்து நடத்துவது, நாளுக்குப் பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து. அதற்குப் பிறகு, குதிரை திரும்பிப் படுக்க இடமிருக்கும் ஆனால் பாய்ந்து ஓட இடமில்லாத சின்ன அடைப்பு. அங்கே சில வாரம் அமைதியாக இருந்தால்தான் பெரிய மேய்ச்சல். பெரிய இடத்தில் முதல் நாள் விடும்போது வயிறு நிறையப் புல் தின்றிருக்கட்டும். காலுக்குப் பாதுகாப்புப் பட்டை கட்டுங்கள், வயதான சாதுவான குதிரை ஒன்றை முன்பே உள்ளே விட்டு வையுங்கள். மருத்துவர் லேசான மயக்க மருந்து தரலாம் என்றால் வேண்டாமென்று வீரம் காட்டாதீர்கள். முள்கம்பி வேலி கூடவே கூடாது. துணைக்குக் குதிரை கிடைக்காவிட்டால் ஆடாவது கட்டுங்கள். பல நாட்டுப் பந்தய லாயங்களிலும் இது பழைய வழக்கம், பதற்றமான குதிரை ஆட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ஆரம்ப வலி அடங்கிய பிறகு தேய்ந்த மூட்டுக்கு நடமாட்டம்தான் மருந்து. நின்றுகொண்டே இருந்தால் இறுகிப்போகும். மழைநாளில் இரண்டு நாள் லாயத்தில் நின்றுவிட்டு வெளியே வரும்போது முதல் பத்தடி கட்டை போல நடந்து, அப்புறம் இளகுவதைப் பார்ப்பீர்கள். அது எதிர்பார்க்க வேண்டியதே. பத்தடி போய் ஐம்பது அடியானாலும் இளகவில்லை என்றால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

தினமும் காலையில் ஒரே நேரத்தில் நாலு காலையும் கையால் தடவுங்கள். உள்ளங்கையை ஃபெட்லாக்கின் மேல் அரை நிமிஷம் வைத்திருங்கள். மறுபக்கக் காலோடு ஒப்பிட்டால் சூடு தெரிந்துவிடும், விரலால் அழுத்தினால் நீர் கோத்த மூட்டு மெத்தென்று எதிர்த்துத் தள்ளும். ஒரு வாரத்தில் உங்கள் கைக்கே பழகிவிடும். நல்ல காலையும் விடாதீர்கள். கெட்ட காலைக் காப்பாற்ற எடையை நல்ல காலுக்கு மாற்றி மாற்றி, அந்தக் குளம்பின் உள்பகுதி அழன்றுவிடுவது உண்டு. 2006-ல் கென்டக்கி டெர்பி வென்று, அடுத்த பந்தயத்திலேயே பின்னங்கால் நொறுங்கிய பார்பரோவை எட்டு மாதப் போராட்டத்துக்குப் பிறகு கொண்டுபோனது இந்தக் குளம்பு அழற்சிதான்.

கடலோர ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை போன்ற புழுக்கமான ஊரில் சில தரோபிரெட்களுக்கு வியர்ப்பதே நின்றுவிடும். ரோமம் உலர்ந்து, மூச்சு மட்டும் வாங்கும். வேலை இல்லாத குதிரைக்கும் இது வரலாம். நிழலும், காற்றோட்டமும், உடம்பில் ஊற்றத் தண்ணீரும் கண்டிப்பாக வேண்டும்.

5. மறுபடி சவாரி

மருத்துவர் "சவாரிக்கு ஆகும்" என்று சொன்ன குதிரைக்கு மட்டும் இது. அதுவும் மூன்று மாதத்துக்குப் பிறகு, புதிதாக ஒரு எக்ஸ்ரே பார்த்துவிட்டு.

பந்தயக் குதிரைக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்து ஏறினால் விழுவீர்கள். அதற்குத் தெரிந்தது வேறு பாடம். நடந்துகொண்டிருக்கும்போதே ஜாக்கியைக் காலைத் தூக்கி மேலே ஏற்றிவிடுவார்கள், அதனால் ஏறும்வரை அசையாமல் நிற்க அதற்குத் தெரியாது. கடிவாளத்தை இறுக்கிப் பிடித்தால் நிற்கச் சொல்கிறீர்கள் என்று நீங்கள் நினைப்பீர்கள். வாயைச் சாய்த்துக்கொண்டு வேகமெடுக்க வேண்டும் என்று அது நினைக்கும். காலால் விலாவை அழுத்துவதன் அர்த்தமும் புதிது. எல்லாவற்றையும் தரையில் நின்றபடியே முதலிலிருந்து சொல்லிக்கொடுங்கள்.

நீண்ட கயிற்றில் கட்டிச் சிறிய வட்டத்தில் சுற்றவிடும் பழக்கம் நம் சவாரிப் பள்ளிகளில் அதிகம். மூட்டு கெட்ட குதிரைக்கு அது வேண்டாம். வட்டத்தில் எடை ஒருபக்கமாகச் சாயும். நேர்கோட்டு நடை, மென்மையான தரை, எடை குறைவான ஆள், இருபது நிமிஷம். தாண்டல் பயிற்சியை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

6. யாரிடம் கொடுப்பது

இலவசம் என்று சொன்ன நிமிஷமே ஆள் வருவார்கள். இலவசம் என்ற வார்த்தையைச் சொல்லாதீர்கள். சின்னத் தொகையாவது கேளுங்கள். அதைக் கொடுக்கத் தயங்குகிறவர் லாடக்காரருக்கு எப்படி மாதாமாதம் கொடுப்பார்?

பந்தயம் முடிந்த குதிரைகள் நம் பக்கத்தில் எங்கெல்லாம் போகின்றன என்பது தெரிந்ததுதான். கடற்கரையில் ஐந்து நிமிஷச் சவாரி, தார் ரோட்டில் கல்யாண ஊர்வலம், மேற்கு மாவட்டங்களில் குதிரை வண்டிப் பந்தயம், சந்தை சந்தையாகக் கைமாறுவது. அந்தியூர் ஆடித் திருவிழாச் சந்தை பெரிய சந்தை, அங்கே நல்ல குதிரைக்காரர்களும் வருகிறார்கள். ஆனால் நொண்டும் தரோபிரெட்டைச் சந்தையில் விட்டால், வலிக்கு ஒரு ஊசியைப் போட்டு அன்றைக்கு நடக்கவைத்து விற்பவர் கைக்குத்தான் போகும். சவாரி, ஊர்வலம், வண்டிப் பந்தயம் எல்லாமே மூட்டுக்கு நேர் விரோதமான வேலை. காவல்துறைக் குதிரைப்படையும் ரோட்டில் ரோந்து போகிற வேலைதான், மூட்டு நோயுள்ள குதிரைக்குப் பொருந்தாது.

பெட்டை என்றால் "குட்டி போடவைக்கலாமே" என்று யாராவது சொல்வார்கள். ஓசிடியில் பரம்பரைக்கும் பங்கு உண்டு. தாயை ஓட்டம் நிறுத்திய நோயைக் குட்டிக்குக் கொடுப்பதற்கு முன் மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். கால் கெட்ட பெட்டைக்குக் கர்ப்ப எடையும் கூடுதல் சுமை.

நல்ல இடம் என்றால் என்ன? சொந்த நிலமோ நீண்ட குத்தகையோ இருக்க வேண்டும். ஏற்கெனவே குதிரை இருக்க வேண்டும், அது நன்றாகவும் இருக்க வேண்டும். பக்கத்தில் குதிரை பார்க்கும் மருத்துவர் வேண்டும், நாய் பூனை பார்க்கும் மருத்துவர் மட்டும் போதாது. சொல்லாமல் ஒருநாள் போய்ப் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் பாசி, நீண்டு சுருண்ட குளம்பு, முதுகில் சேணப் புண் ஆகிய மூன்றில் ஒன்று கண்ணில் பட்டால் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடலாம்.

ஒப்பந்தம் எழுத்தில் இருக்கட்டும். எந்த வகைப் பந்தயத்திலும் ஓட்டக் கூடாது, வண்டிப் பந்தயமும் இதில் சேரும் என்று தெளிவாக எழுதுங்கள். வேறு யாருக்கும் கொடுப்பதற்கு முன் முதலில் உங்களைக் கேட்க வேண்டும், வைத்துக்கொள்ள முடியாவிட்டால் திருப்பித் தர வேண்டும், நீங்கள் வந்து பார்க்கலாம். கூடவே மூட்டின் நிலை, எந்த வேலை ஆகும், எது ஆகாது என்பதையும் மருத்துவர் கையெழுத்தோடு இணையுங்கள். குறையை மறைத்துக் கொடுத்த குதிரை முதல் நொண்டலிலேயே வேறு கைக்குப் போய்விடும்.

கொடுக்காமல் நீங்களே வைத்துக்கொள்வதானால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மேய்ச்சல் இடம், தீவனம், லாடம், மருந்து எல்லாம் சேர்ந்து மாதம் 15,000 ரூபாய் என்று வைத்தாலும் இருபது வருஷத்துக்கு 36 லட்சம், விலைவாசி ஏற்றம் தனி. அடுத்த குதிரை வாங்கும்போதே பங்குதாரர்கள் எல்லோரும் மாதாமாதம் ஓய்வு நிதிக்கென்று ஒரு தொகை ஒதுக்குவது என்று எழுதிக்கொள்வது நல்லது. குதிரை ஜெயித்துக்கொண்டிருக்கும்போது இதைப் பேசினால் யாரும் மறுக்க மாட்டார்கள்.

7. மேய்ச்சலுக்கும் ஆகாது என்றால்

மூன்றாவது கேள்விக்கும் மருத்துவர் இல்லை என்று சொன்னால், அதாவது மருந்தில்லாமல் நிற்கவே வலிக்கிறது என்றால், கருணைக் கொலையைப் பற்றிப் பேசியே ஆக வேண்டும். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், மீளமுடியாத துன்பத்தில் இருக்கும் விலங்கின் வேதனையை முடிக்க இடம் தருகிறது. அதே சட்டத்தில் விலங்கைக் கைவிட்டுவிட்டுப் போவது குற்றம். நாலு வயதுக் குதிரைக்கு இந்த முடிவை எடுப்பது யாருக்கும் சுலபமில்லை. ஆனால் முகம் தெரியாத ஆளுக்கு விற்றுவிட்டு, அது எங்கேயோ நன்றாக இருக்கிறது என்று நம்பிக்கொள்வதைவிட இது நேர்மையானது. மருத்துவர் கையால், அதற்குப் பழகிய ஆள் பக்கத்தில் நிற்க, பழகிய இடத்தில் நடக்கட்டும். மயக்க மருந்து ஏறிய உடலைத் திறந்தவெளியில் போட்டால் கழுகும் நாயும் தின்று சாகும். ஆழக் குழி தோண்டிப் புதைக்க முன்கூட்டியே ஜேசிபிக்குச் சொல்லி வையுங்கள்.

8. கொடுத்த பிறகு

முதல் மாதம் வாரம் ஒரு வீடியோ கேளுங்கள், சமதரையில் நடந்து வருவதும் டிராட்டில் போவதுமாக. மூன்றாம் மாதம் நேரில் போங்கள். ஆறாம் மாதம் மருத்துவரோடு போய், பழைய எக்ஸ்ரேயைப் பக்கத்தில் வைத்துப் புதியதை எடுத்துப் பாருங்கள். அந்தச் செலவை நீங்களே ஏற்றுக்கொண்டால் எதிர்த் தரப்பு முகம் சுளிக்காது. அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை போதும். போகும்போது நீங்கள் பார்க்க வேண்டியது குளம்பு, விலா, பல், முதுகு, அந்த மூட்டு. பல்லில் கூர்முனை வளர்ந்தால் மெல்ல முடியாமல் தீவனத்தை உருட்டித் துப்பும், வருஷத்துக்கு ஒருமுறை ராவ வேண்டும். வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான். மருத்துவரை அழைத்துப் போகிற அன்றே அதையும் செய்யச் சொல்லிவிடுங்கள்.